விர்ச்சுவல் மெஷினில் திரை கறுத்துப் போனால்...

ஒரே கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை வைத்து இயக்கும் வசதியை இப்போது வீடுகளிலும் பலர் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸை எடுக்காமலேயே லினக்ஸ் கற்றுக் கொள்ள விரும்பும் மாணவர்கள், பழைய விண்டோஸில் மட்டுமே இயங்கும் புரோகிராமை விட முடியாதவர்கள் எனப் பலருக்கும் இது கை கொடுக்கிறது. இப்படி உள்ளே இயங்கும் கம்ப்யூட்டரை விர்ச்சுவல் மெஷின் என்கிறோம். இதற்கான இலவச புரோகிராம்களில் பலரும் அறிந்தது 2007ல் வெளிவந்த விர்ச்சுவல்பாக்ஸ். 2010 முதல் இதை ஆரக்கிள் நிறுவனம் வெளியிட்டு வருகிறது.

புதிதாகப் பயன்படுத்துவோரை அதிகம் பயமுறுத்துவது ஒரு பிரச்னைதான். உள்ளே ஏதோ வேலை செய்து கொண்டிருப்பீர்கள். திடீரென அந்த விண்டோ மட்டும் கறுத்துவிடும், அல்லது கோடு கோடாகத் தெரியும், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் மூடிக் கொள்ளும். உடனே கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதோ என்று சந்தேகம் வரும். அலுவலகத்தில் மென்பொருள் சோதனைக்காக தினமும் நான்கைந்து விர்ச்சுவல் மெஷின்களை இயக்குபவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். பெரும்பாலும் நான் சொல்லும் பதில்: கார்டு வாங்க வேண்டாம், முதலில் ஒரு டிக் அடையாளத்தை எடுத்துப் பாருங்கள்.

உள்ளே இருப்பது எந்த கார்டு?

கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தும் சிறிய புரோகிராம்தான் டிரைவர். கிராபிக்ஸ் டிரைவர், திரையில் படம் வரையும் வேலையைக் கவனிக்கிறது. உங்கள் உண்மையான கம்ப்யூட்டரை ஹோஸ்ட் என்றும், உள்ளே இயங்குவதை கெஸ்ட், அதாவது விருந்தாளி என்றும் அழைப்பார்கள்.

வீட்டுக்கு வந்த விருந்தாளி நேராக அடுப்படிக்குள் போய் காபி போட்டுக் கொள்வதில்லை. வீட்டுக்காரரிடம்தான் கேட்கிறார். அதுபோல் கெஸ்ட் உங்கள் கிராபிக்ஸ் கார்டை நேரடியாகத் தொடுவதில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் அதற்கு ஒரு கற்பனைக் கார்டைக் காட்டுகிறது. கெஸ்ட்டில் உள்ள டிரைவர் அந்தக் கற்பனைக் கார்டிடம் வேலையைச் சொல்லும். விர்ச்சுவல்பாக்ஸ் அதை வாங்கி, ஹோஸ்ட்டில் உள்ள உண்மையான டிரைவரிடம் கொடுக்கும். ஆக மூன்று இடங்கள் உள்ளன: கெஸ்ட் டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ், ஹோஸ்ட் டிரைவர். எந்த இடத்தில் பழுது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதனால்தான் என்விடியா அல்லது இன்டெல் டிரைவரை கெஸ்ட்டுக்குள் நிறுவ முயன்றால், பொருத்தமான கார்டு இல்லை என்று கூறி நின்றுவிடும். அது பழுது அல்ல. உள்ளே அந்த கார்டு இல்லவே இல்லை.

எங்கே பழுது?

1. கெஸ்ட் விண்டோ மட்டும் கறுத்து, மற்ற புரோகிராம்கள் வழக்கம் போல் இயங்கினால் கெஸ்ட் டிரைவர் மீதோ, விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பின் மீதோதான் சந்தேகப்பட வேண்டும்.

2. கெஸ்ட் விண்டோ முழுவதுமாக மூடிக் கொண்டு, விர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் அதன் பெயருக்குக் கீழே 'அபார்ட்டட்' என்று காட்டினால், விர்ச்சுவல்பாக்ஸே இடையில் நின்றுவிட்டது என்று பொருள். ஹோஸ்ட் டிரைவரும் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

3. மானிட்டர் முழுவதும் ஒரு நொடி இருண்டு திரும்பி வந்தால் ஹோஸ்ட் டிரைவரைக் கவனிக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு இரண்டு விநாடிக்குள் பதில் தராவிட்டால், விண்டோஸ் அந்த டிரைவரை நிறுத்தி மீண்டும் தொடங்கும். விஸ்டா காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு உள்ளது.

முதலில் காப்பி, பிறகு சோதனை

எந்த மாற்றமும் செய்வதற்கு முன் உள்ளே இருக்கும் பைல்களைக் காப்பாற்றுங்கள். திரை கறுத்தாலும் பைல்கள் அழிவதில்லை. கெஸ்ட்டின் ஹார்ட் டிஸ்க் முழுவதும் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பெரிய பைலாகத்தான் இருக்கிறது. பொதுவாக, உங்கள் யூசர் போல்டரில் 'விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்' என்ற போல்டருக்குள் இதைக் காணலாம்.

கறுத்த விண்டோவை மூட முயன்றால் ஒரு டயலாக் பாக்ஸ் தோன்றும். அதில் ஷட்டவுன் சிக்னல் அனுப்பும் வழியை முதலில் தேர்ந்தெடுத்து, ஓரிரு நிமிடம் காத்திருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மட்டும் 'பவர் ஆப்' கொடுங்கள். நிலையைச் சேமிக்கும் 'சேவ்' வழி வேண்டாம். அப்படிச் சேமித்திருக்கும் போது கீழே சொல்லும் அமைப்புகளை மாற்ற முடியாது.

மெஷின் நின்ற பிறகு, அந்த போல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். வெளி டிஸ்க் எப்ஏடி32 முறையில் பார்மட் செய்யப்பட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைலை ஏற்காது. என்டிஎப்எஸ் அல்லது எக்ஸ்எப்ஏடி முறையில் இருக்க வேண்டும். பின்னர் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக் கொள்ளுங்கள். சோதனை தவறாகப் போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. அது காப்பிக்கு மாற்று ஆகாது.

வரிசையாகச் செய்து பாருங்கள்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான்கையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

முதல் படி: மெஷினைத் தேர்ந்தெடுத்து செட்டிங்ஸ், டிஸ்ப்ளே சென்று 'எனேபிள் 3டி ஆக்சிலரேஷன்' என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன மூன்று இடங்களும் அதிகமாகச் சேர்ந்து உழைப்பது 3டி வேலையில்தான். ஆகவே பழுதும் அங்கேதான் அதிகம் வருகிறது. இதை எடுத்தபின் பிரச்னை நின்றுவிட்டால், உங்களுக்கு 3டி தேவையா என்று யோசியுங்கள். டைப் செய்யவும், கணக்கு எழுதவும், புரோகிராமிங் பழகவும் அது தேவையில்லை. உபுண்டு போன்ற லினக்ஸில் விண்டோக்கள் சற்று மெதுவாக நகரும், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: அதே பக்கத்தில் 'கிராபிக்ஸ் கண்ட்ரோலர்' என்று ஒன்று இருக்கும். கற்பனைக் கார்டின் வகை இதுதான். புதிய பதிப்புகளில் இது தெரியாவிட்டால் செட்டிங்ஸ் விண்டோவில் 'எக்ஸ்பர்ட்' பகுதிக்கு மாறுங்கள். லினக்ஸுக்கு விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸ் 7 மற்றும் அதற்குப் பிந்தையவற்றுக்கு விபாக்ஸ் எஸ்விஜிஏ, அதைவிடப் பழைய விண்டோஸுக்கு விபாக்ஸ் விஜிஏ என்பதே சரியான பொருத்தம். மெஷினை உருவாக்கும் போது தவறான ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இதுவும் தவறாக அமைந்திருக்கும்.

மூன்றாம் படி: வீடியோ மெமரியை 128 எம்பியாக உயர்த்துங்கள். இது உங்கள் ரேமிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. குறைவாக இருந்தால் விண்டோவைப் பெரிதாக்கும் போது திரை கறுக்கலாம்.

நான்காம் படி: கெஸ்ட் அடிஷன்ஸ். கற்பனைக் கார்டுக்கான அசல் டிரைவர் இதில்தான் வருகிறது. மெஷினை இயக்கி, டிவைசஸ் மெனுவில் 'இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்' என்பதைக் கிளிக் செய்தால் உள்ளே ஒரு சிடி தோன்றும். அதிலிருந்து நிறுவிக் கொண்டு கெஸ்ட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விர்ச்சுவல்பாக்ஸைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இதையும் புதுப்பிக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வெளியே புதிய பதிப்பும் உள்ளே பழைய டிரைவருமாக இருந்தால் இரண்டுக்கும் ஒத்துப் போகாமல் போகலாம். விண்டோஸ் கெஸ்ட்டில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ் விர்ச்சுவல்பாக்ஸ் பெயர் வந்துள்ளதா என்று சரி பாருங்கள். 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் சரியான டிரைவர் இன்னும் ஏறவில்லை.

ஐந்தாம் படி: இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால் ஹோஸ்ட் டிரைவரைப் புதுப்பியுங்கள். லேப்டாப் என்றால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுப்பது நல்லது. புதுப்பித்த பிறகுதான் பிரச்னை ஆரம்பித்தது என்றால், டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' மூலம் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள்.

உபுண்டுவை நிறுவத் தொடங்கும் போதே திரை கறுத்தால், ஆரம்ப மெனுவில் 'சேப் கிராபிக்ஸ்' என்று உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் தொடங்கும் போது விஎம்டபிள்யூஜிஎப்எக்ஸ் என்ற பெயருடன் ஓரிரு பிழை வரிகள் ஓடலாம். டெஸ்க்டாப் சரியாக வந்துவிட்டால் அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஒரு டிக் அடையாளத்தின் விலை

எனக்குத் தெரிந்த டிடிபி தொழில் செய்யும் அண்ணன் ஒருவர், பேஜ்மேக்கரையும் பழைய தமிழ் எழுத்துருக்களையும் விட முடியாமல் விண்டோஸ் 7ஐ விர்ச்சுவல் மெஷினில் வைத்திருக்கிறார். முகூர்த்த மாதத்தில், நான்கு கல்யாணப் பத்திரிகைகள் உள்ளே இருக்கும் போது திரை கறுத்துவிட்டது. சர்வீஸ் கடையில் புது கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "தம்பி, கார்டு போட்டா பைல் வந்துடுமா?" என்றுதான் அவர் என்னிடம் கேட்டார். முதலில் போல்டரை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்தோம். பிறகு 3டி டிக் அடையாளத்தை எடுத்தோம். மெஷின் உடனே திறந்தது, பத்திரிகைகளும் அப்படியே இருந்தன. பேஜ்மேக்கருக்கு 3டி எதற்கு?

விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியில் வழக்கமான பயனாளர்களுக்கு நிறுத்திவிட்டது. எனவே இது போன்ற பழைய சிஸ்டத்தை வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று அடாப்டரின் டிக் அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். பழைய விண்டோஸுக்கு இன்டர்நெட் தேவையில்லை.

உள்ளே பெரிய 3டி விளையாட்டுகளை ஆட நினைப்பவர்களுக்கு ஒன்று. அதற்கு வீட்டு விர்ச்சுவல் மெஷின் ஏற்ற இடமல்ல. விளையாட்டை ஹோஸ்ட்டிலேயே நிறுவிக் கொள்ளுங்கள்.

பட்டியலில் மெஷின் பெயர் மீது ரைட் கிளிக் செய்தால் 'ஷோ லாக்' என்று வரும். எதிலும் சரியாகாமல் யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் அந்த லாக் பைலைச் சேமித்து எடுத்துச் செல்லுங்கள். எந்தப் படியில் என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். விவரம் தெரிந்தவருக்கு அந்த இரண்டும் போதும். கடைக்காரர் புது கார்டு வாங்கச் சொன்னால், 3டியை எடுத்துப் பார்த்தாயிற்று என்று நீங்களே அவரிடம் சொல்லலாம்.