பால்டர்ஸ் கேட் 3: ரசிகர்கள் எதிர்பார்த்த விரிவாக்கம் ஏன் வரவில்லை?

விருதுகளைக் குவித்து, விற்பனையிலும் சாதனை படைத்த கணினி விளையாட்டு ஒன்றுக்கு அடுத்த பாகமோ, கூடுதல் கதையோ வருவது இத்துறையில் எழுதப்படாத விதி. பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்த லேரியன் ஸ்டூடியோஸ் உருவாக்கிய 'பால்டர்ஸ் கேட் 3' அந்த விதியை மீறியது. 2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி கணினிகளுக்கு வெளியான இந்தக் கற்பனை உலக விளையாட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தேர்வானது. அடுத்த சில மாதங்களில் பாஃப்டா உள்ளிட்ட அமைப்புகளும் தங்களது முதன்மை விருதை இதற்கே வழங்கின. உலகெங்கும் ரசிகர்கள் விரிவாக்கத்துக்காகக் காத்திருந்த வேளையில், 2024 மார்ச் மாதம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில், விரிவாக்கமும் இல்லை, நான்காம் பாகமும் இல்லை என்று நிறுவனத்தின் தலைவர் சுவென் வின்கே அறிவித்தார்.

அந்த அறிவிப்புக்குப் பிறகும் எதிர்பார்ப்பு அடங்கவில்லை. ஒவ்வொரு புதுப்பிப்பு வெளியாகும்போதும் "இதில் ஏதேனும் குறிப்பு ஒளிந்திருக்கிறதா?" என்று தேடும் வழக்கம் நீடித்தது. இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது, நிறுவனம் ஏன் மறுத்தது ஆகியவற்றைப் புரிந்துகொள்ள, விரிவாக்கம் என்பது உண்மையில் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

விரிவாக்கமும் விற்பனைப் பொருளும்

'எக்ஸ்பான்ஷன்', 'டிஎல்சி' ஆகிய இரு சொற்களையும் ரசிகர்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படுத்துகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. டிஎல்சி என்பது பதிவிறக்கம் செய்துகொள்ளும் எந்தக் கூடுதல் பொருளையும் குறிக்கும். ஒரு புதிய உடையாகவும் இருக்கலாம், ஒரு வாளாகவும் இருக்கலாம். விரிவாக்கம் என்பது புதிய நிலப்பரப்பு, புதிய கதை, புதிய எதிரிகள் ஆகியவற்றைக் கொண்ட, ஏறத்தாழ தனி நூலுக்கு நிகரான பகுதி. இணையம் பரவலாவதற்கு முன் இவை தனிப் பெட்டிகளில் குறுந்தகடுகளாக விற்கப்பட்டன. 1998இல் வெளியான முதல் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டுக்கு 1999இல் ஒரு விரிவாக்கமும், 2000இல் வெளியான இரண்டாம் பாகத்துக்கு 2001இல் 'த்ரோன் ஆஃப் பால்' என்ற விரிவாக்கமும் வந்தன. இரண்டாவது விரிவாக்கம்தான் அந்தத் தொடரின் நாயகன் கதையை முடித்து வைத்தது. ஆகவே மூன்றாம் பாகத்துக்கும் அப்படி ஒன்று வரும் என எதிர்பார்த்தவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். முந்தைய இரு பாகங்களும் ஏற்படுத்திய பழக்கம் அது.

இந்தச் சொற்கள் மீது ரசிகர்களுக்கு ஏற்பட்ட ஐயத்துக்கும் ஒரு தேதி உண்டு. 2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம் தனது 'ஆப்ளிவியன்' விளையாட்டுக்காக, குதிரைக்குப் பூட்டும் கவசம் ஒன்றை 2.50 டாலருக்கு விற்றது. கதைக்கு எந்தப் பயனும் இல்லாத அந்தக் கவசம் பெரும் கேலிக்கு உள்ளானது. ஆனால் பலர் அதை வாங்கவும் செய்தனர். அதே நிறுவனம் மறு ஆண்டு 'ஷிவரிங் ஐல்ஸ்' என்ற முழுமையான விரிவாக்கத்தை வெளியிட்டு நற்பெயரை ஓரளவு மீட்டெடுத்தது. என்றாலும், விரிவாக்கம் என்று கேட்டவுடன் "எது வரப்போகிறது, நாடா, குதிரைக் கவசமா?" என்று ரசிகர்கள் கேட்கும் வழக்கம் அப்போதிலிருந்துதான் தொடங்கியது.

எதிர்பார்ப்பை உயர்த்திய இரு படைப்புகள்

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதம் வெளியிட்ட 'தி விட்சர் 3' இந்த விவாதத்தில் தவறாமல் குறிப்பிடப்படும் பெயர். சிறு சேர்க்கைகள் பதினாறையும் அந்நிறுவனம் இலவசமாகவே வழங்கியது. கட்டணம் பெற்றது இரு விரிவாக்கங்களுக்கு மட்டுமே. அவற்றில் 2016 மே மாதம் வெளியான 'பிளட் அண்டு வைன்', திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த டூசான் என்ற புதிய நாட்டையே அளித்தது. முழு விளையாட்டுகளுடன் போட்டியிட்டு, அந்த ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த பாத்திர விளையாட்டுக்கான விருதை இந்த விரிவாக்கம் வென்றது. நாயகன் ஜெரால்டின் அலைச்சலுக்குச் சொந்த வீட்டையும் ஓய்வையும் தந்து கதையை நிறைவு செய்ததே அதன் வெற்றிக்குக் காரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நிலப்பரப்பின் அளவு இரண்டாம் பட்சம்தான்.

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் 'எல்டன் ரிங்' வேறொரு பாடத்தைக் கற்பித்தது. அதன் விரிவாக்கமான 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ' 2023 பிப்ரவரியில் ஒரே ஒரு படத்துடன் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஓராண்டு காலம் நிறுவனம் ஏறக்குறைய மௌனம் காத்தது. அந்த ஒற்றைப் படத்தில் இருந்த மரத்தின் நிழலையும், விலங்கின் மீது அமர்ந்திருந்த உருவத்தையும் வைத்து ரசிகர்கள் எழுதிய ஊகங்களைத் தொகுத்தால் தனி நூலாகும். 2024 ஜூன் 21ஆம் தேதி வெளியான அந்த விரிவாக்கம் மூன்றே நாள்களில் 50 இலட்சம் பிரதிகளைத் தாண்டியது. அதற்குள் நுழைய, மூல விளையாட்டின் கடினமான இரு எதிரிகளை வென்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. பணம் கொடுத்து வாங்கியும் வாசலிலேயே நின்றவர்கள் பலர்.

இவ்விரு வெற்றிகளும் சேர்ந்து ரசிகர்களின் மனத்தில் ஓர் அளவுகோலை உருவாக்கின. பால்டர்ஸ் கேட் 3 அந்த அளவுகோலின் முன் வந்து நின்றது.

முடிவுறாத கதை முடிச்சுகள்

விளையாட்டை இன்னும் முடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.

ரசிகர்களின் ஏக்கத்தில் பெரும்பங்கு கார்லக் என்ற ஒரு பாத்திரத்தைச் சார்ந்தது. நரகத்தில் அடிமைப் போர் வீராங்கனையாக இருந்து தப்பியவர் அவர். இதயத்துக்குப் பதிலாக ஓர் எரியும் இயந்திரம் அவரது மார்பில் பொருத்தப்பட்டிருக்கிறது. நரகத்துக்கு வெளியே அவரால் நீண்ட காலம் வாழ முடியாது. விளையாட்டின் முடிவில் அவர் எரிந்து மாள வேண்டும், அல்லது தான் வெறுக்கும் நரகத்துக்கே திரும்ப வேண்டும், இல்லையெனில் மனித இயல்பை இழந்து வேறோர் உயிரினமாக மாற வேண்டும். அவரைக் காப்பாற்ற வழியே இல்லையா என்ற கேள்வி எழுந்தபோது, வெளியீட்டுக்குப் பிந்தைய புதுப்பிப்பு ஒன்றில் அவருக்கான முடிவுக் காட்சியை லேரியன் விரிவாக்கியது. 2023 நவம்பர் இறுதியில் வந்த ஐந்தாம் புதுப்பிப்பில், ஆறு மாதங்களுக்குப் பின் தோழர்கள் அனைவரும் கூடும் பின்னுரைக் காட்சியும் சேர்க்கப்பட்டது. நரகத்தில் ஒரு தொடர்கதை நிகழக்கூடும் என்ற நம்பிக்கையை அந்தப் பின்னுரையே பலரிடம் விதைத்தது. ஏக்கத்தைத் தணிக்க எழுதப்பட்ட காட்சி அதை வளர்த்துவிட்டது எனலாம்.

இது தவிர, நகரின் செல்வந்தர்கள் வாழும் மேற்பகுதியை இறுதிப் போரின்போது மட்டுமே காண முடிகிறது என்பதும், பாத்திரங்களின் திறன் நிலை 12உடன் நின்றுவிடுகிறது என்பதும் நீண்ட காலக் குறைகள். விளையாட்டுக்கு அடித்தளமான 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' பலகை விளையாட்டின் விதிகளில் 20 நிலைகள் உள்ளன. எஞ்சிய எட்டு நிலைகளும் விரிவாக்கத்துக்காகவே விட்டுவைக்கப்பட்டவை எனப் பலர் கருதினர்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

அந்தக் கருத்து ஏன் சரியல்ல என்பதில்தான் தொழில்நுட்பச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. நிலை 13ஐ எட்டும் மந்திரவாதி ஏழாம் படிநிலை மந்திரங்களைப் பெறுகிறார். அவற்றுள் ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குத் தாவும் மந்திரமும் உண்டு. 17ஆம் நிலையில், நினைத்ததை நிகழ்த்தும் வரம் போன்ற மந்திரமே கைக்கு வருகிறது. மேசையைச் சுற்றி அமர்ந்து விளையாடும்போது, ஆட்டக்காரர் எதை விரும்பினாலும் கதைசொல்லி அந்த நொடியே புதிதாக ஒன்றைக் கற்பனை செய்து சமாளிப்பார். கணினியில் அவ்வாறு இயலாது. விரும்பக்கூடிய ஒவ்வொன்றையும் முன்கூட்டியே எழுதி, வரைந்து, குரல் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். இந்த விளையாட்டில் 174 மணி நேரக் காட்சிகள் இருப்பதாக வெளியீட்டுக்கு முன் நிறுவனம் தெரிவித்திருந்தது. திறன் உயர உயர இந்தச் சுமை பன்மடங்காகும்.

அடுத்த சிக்கல், முடிவுகளின் எண்ணிக்கை. தோழர்களுள் எவரும் இறந்திருக்கலாம், பகைவராகியிருக்கலாம், துரத்தப்பட்டிருக்கலாம். நாயகன் உலகைக் காத்திருக்கலாம், அல்லது அதை அடிமைப்படுத்தியிருக்கலாம். இத்தனை முடிவுகளுக்கும் பொருந்தும் ஒரே தொடர்ச்சியை எழுதுவது எளிதன்று. எல்டன் ரிங் இதைத் தவிர்த்தது. அதன் விரிவாக்கம் மூலக் கதையின் முடிவுக்கு முன்பாகவே நிகழ்கிறது. பயோவேர் நிறுவனத்தின் 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' இதற்கு மாறான துணிவைக் காட்டி, 2015இல் வெளியிட்ட 'ட்ரெஸ்பாசர்' என்ற கட்டணச் சேர்க்கையில் முதன்மைக் கதைக்குப் பிந்தைய காலத்தைச் சொன்னது. கதை நன்றாகவே அமைந்தது. ஆயினும், உண்மையான முடிவுரையைத் தனியாக விலைக்கு விற்றது முறையா என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை.

பொதுவாக நிறுவனங்கள் விரிவாக்கத்தை விரும்புவதற்கு ஓர் உள் காரணமும் உண்டு. விளையாட்டின் கதையும் ஓவியமும் முடிந்த பின்னர், பிழை நீக்கும் பணியில் நிரலாளர்கள் மாதக்கணக்கில் மூழ்கியிருப்பர். அப்போது எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் வேலை குறையும். கருவிகளும் உலகமும் கைவசம் இருப்பதால் விரிவாக்கத்தைத் தொடங்குவது சிக்கனமானது. லேரியனும் இந்த வழியில் பணியைத் தொடங்கவே செய்தது. பின்னர் அதைக் கைவிட்டது. குழுவினருக்கு அதில் மனம் ஒன்றவில்லை என்றும், ஆண்டுக்கணக்கில் இந்த விதிகளுக்குள் உழைத்தவர்கள் தங்களது சொந்தப் படைப்புக்குத் திரும்ப விரும்பினர் என்றும் வின்கே விளக்கினார். 2020 அக்டோபரில் முன்னோட்டப் பதிப்பு வெளிவந்ததிலிருந்து முழு வெளியீடு வரையிலான காலம் மட்டுமே மூன்று ஆண்டுகளை நெருங்குகிறது.

உரிமை யாருடையது?

பால்டர்ஸ் கேட் என்ற பெயரும் அந்த உலகமும் லேரியனுக்குச் சொந்தமல்ல. அவை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ குழுமத்தைச் சேர்ந்த விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்துக்கு உரியவை. விளையாட்டு விருது பெற்ற சில நாள்களிலேயே, 2023 டிசம்பரில், சுமார் 1,100 பணியிடங்களைக் குறைப்பதாக ஹாஸ்ப்ரோ அறிவித்தது. திட்டத்தின் தொடக்கக் கூட்டத்தில் தாம் சந்தித்த விசர்ட்ஸ் தரப்பினருள் ஏறக்குறைய எவருமே இப்போது அங்கு இல்லை என வின்கே அப்போது வருத்தத்துடன் குறிப்பிட்டிருந்தார். இதனால்தான் உறவு முறிந்தது என்ற முடிவுக்கு ரசிகர்கள் உடனே வந்தனர். ஆனால் திசை மாறியது தங்களது சொந்த முடிவே, அதற்கு விசர்ட்ஸ் நிறுவனத்தைக் குறை கூற வேண்டாம் என்று அவரே பின்னர் தெளிவுபடுத்தினார்.

விரிவாக்கம் இல்லை என்றபோதிலும் வழங்கல் நிற்கவில்லை. 2024 செப்டம்பரில் வந்த ஏழாம் புதுப்பிப்பு, ரசிகர்களே மாற்றங்களைச் செய்துகொள்ள உதவும் அதிகாரப்பூர்வக் கருவிகளை அளித்தது. 2025 ஏப்ரல் 15ஆம் தேதி வெளியான எட்டாம் புதுப்பிப்பு 12 புதிய துணைப் பிரிவுகளையும், வெவ்வேறு தளங்களில் இருப்பவர்கள் இணைந்து விளையாடும் வசதியையும் இலவசமாகக் கொண்டுவந்தது. வேறு நிறுவனமாக இருந்தால் இவற்றுக்குக் கட்டணம் வசூலித்திருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது. பெரிய புதுப்பிப்புகளில் இதுவே கடைசி என லேரியன் அறிவித்தது.

ரசிகர்களின் கைகளுக்குக் கருவி சென்றாலும் உரிமைச் சிக்கல் அவர்களையும் விடுவதில்லை. 'ஸ்டார்டியூ வேலி' என்ற வேளாண் விளையாட்டுக்குள் பால்டர்ஸ் கேட் பாத்திரங்களைக் குடியேற்றிய ஒரு ரசிகர் படைப்பு, பதிப்புரிமைப் புகாரின் பேரில் 2025 வசந்த காலத்தில் நீக்கப்பட்டது. அந்தப் படைப்புக்கு ஆதரவாக வின்கே வெளிப்படையாகப் பேசினார். புகார் தவறுதலாக அளிக்கப்பட்டது என்று விசர்ட்ஸ் தெரிவித்ததை அடுத்து அது மீண்டும் கிடைக்கத் தொடங்கியது. ரசிகர்கள் தாங்களே தொடர்கதையை எழுதிக்கொள்ளலாம் என்று சொல்வோர் இந்த நிகழ்வையும் நினைவில் கொள்வது நல்லது.

லேரியன் 2025 டிசம்பரில் 'டிவினிட்டி' என்ற புதிய விளையாட்டை அறிவித்தது. அது நிறுவனத்தின் சொந்த உலகத்தில் நிகழும் கதை. எனவே கார்லக்கின் கதையைத் தொடர வேண்டுமானால், அதை இனி வேறு எழுத்தாளர்களே எழுத வேண்டியிருக்கும். பால்டர்ஸ் கேட் தொடரின் எதிர்காலம் குறித்துப் பல நிறுவனங்களுடன் பேசிவருவதாக ஹாஸ்ப்ரோ தரப்பு 2024லேயே கூறியிருந்தது. முதல் இரு பாகங்களை பயோவேர் உருவாக்கிய பின், மூன்றாம் பாகம் லேரியனிடமிருந்து வெளிவர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.