சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

2021 நவம்பர் 20ஆம் திகதி காலை, கொழும்பு ரேஸ்கோர்ஸ் கட்டடத்தில் இருந்த உணவகம் ஒன்றில் எரிவாயு வெடித்தது. அடுத்த சில வாரங்களுக்குத் தீவு முழுவதிலும் இருந்து அதே செய்தி வந்துகொண்டிருந்தது. ரெகுலேட்டர் பற்றி எரிந்தது, ஹோஸ் கழன்றது, கண்ணாடித் தட்டு அடுப்பு நடுச் சமையலில் தூள்தூளாகச் சிதறியது. சம்பவங்கள் நூற்றுக்கணக்கில் பதிவாகின, உயிர்களும் போயின. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பலர் சிலிண்டரைப் பால்கனிக்கு இழுத்து வைத்தார்கள். கொட்டாஞ்சேனையில் மண்ணெண்ணெய் அடுப்பைத் தூசி தட்டி எடுத்தவர்களும் உண்டு.

மொறட்டுவப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் எட்டுப் பேர் கொண்ட குழுவை ஜனாதிபதி நியமித்தார். டிசம்பரில் குழு சொன்ன முடிவு: சிலிண்டருக்குள் இருந்த வாயுக் கலவையின் விகிதம் மாறியதே பிரதான காரணம். சமையல் எரிவாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. இங்கே வழக்கத்தில் இருந்தது ஏறத்தாழ 20 பங்கு புரொப்பேனும் 80 பங்கு பியூட்டேனும். அது பாதிக்குப் பாதி என்ற அளவை நெருங்கியது என்பதுதான் அன்று எழுந்த குற்றச்சாட்டு. வாங்கியவருக்கு யாரும் சொல்லவில்லை. சிலிண்டரின் நிறம் அதேதான், எடை அதேதான், விலை மட்டும் ஏறியிருந்தது.

விகிதம் மாறினால் என்ன நடக்கும்? புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42 பாகை செல்சியஸில். பியூட்டேன் ஏறத்தாழ பூச்சியத்தில். கொழும்பின் 30 பாகை வெக்கையில் இரண்டுமே சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது அமுக்கத்தினால் மட்டுமே. தனிப் பியூட்டேன் என்றால் அந்த வெப்பநிலையில் உள்ளே ஏறத்தாழ 3 வளிமண்டல அமுக்கம் போதும். தனிப் புரொப்பேனுக்கு 10க்கும் மேலே வேண்டும். 20க்கு 80 கலவையில் அது நாலரைக்குக் கிட்டவும், பாதிக்குப் பாதி கலவையில் ஏழுக்குக் கிட்டவும் வரும். புதுச் சிலிண்டரில் முதலில் ஆவியாவது பெரும்பாலும் புரொப்பேன் என்பதால், மாற்றிய முதல் நாட்களில்தான் அமுக்கம் கூடுதல்.

உருக்குச் சிலிண்டர் இந்த அமுக்கத்துக்கெல்லாம் அசையாது. அதைவிடப் பல மடங்கைத் தாங்குமாறு செய்யப்பட்டது அது. “சிலிண்டர் வெடித்தது” என்று ஊர் சொன்னாலும், பெரும்பாலான இடங்களில் நடந்தது கசிவு. வால்வின் வாயில் இருக்கும் சிறு ரப்பர் வளையம், பழைய ரெகுலேட்டரின் உள்தகடு, வெயிலில் விறைத்துப்போன ஹோஸ் ஆகியவைதான் முதலில் தோற்பவை. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு எதிரி, கடற்காற்றின் உப்பு. ரெகுலேட்டரின் விசையும் ஹோஸ் கிளிப்பும் அங்கே துருப்பிடிக்கும் வேகமே வேறு. கிளிப்பை விரலால் உரசிப் பாருங்கள். துரு தூளாக உதிர்ந்தால் அன்றே மாற்றுங்கள்.

அடுத்தது விரிவு. திரவ எரிவாயு சூடானால் தண்ணீரைப்போல மெதுவாக விரிவதில்லை. பாகைக்குப் பாகை ஏறத்தாழ பத்து மடங்கு விரிகிறது. 12.5 கிலோ சிலிண்டருக்குள் இருக்கும் திரவம் சுமார் 23 லீற்றர். அதை 30 பாகையிலிருந்து 60க்குச் சூடாக்கினால் ஒன்றரை லீற்றருக்கும் மேலே கூடும். அதற்காகத்தான் உள்ளே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் திரவம் இல்லாத இடம் விட்டு நிரப்புகிறார்கள். அந்த இடம் இல்லாமல் அளவுக்கு மீறி நிரப்பப்பட்ட சிலிண்டரில், திரவம் சுவர் முழுவதையும் முட்டிய பிறகு சில பாகை ஏற்றமே அமுக்கத்தை ஆபத்தான உயரத்துக்குக் கொண்டுபோகும். ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு வாயு “மாற்றித் தருகிற” ஆட்களிடம் போகாதீர்கள் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும். முச்சக்கர வண்டியில் படுக்கவைத்து வெயிலில் கொண்டுபோவதும் கூடாது. நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரின் வாயில் இருப்பது ஆவி. படுத்தால் அங்கே திரவம் வந்துவிடும். கசியும் ஒரு லீற்றர் திரவம் 250 லீற்றர் அளவு வாயுவாகப் பரவும்.

வாயு குறைந்து தீ மங்கும்போது சிலிண்டருக்குச் சுடுதண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் குசினிகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் உண்டு. ஏன் அப்படிச் செய்யத் தோன்றுகிறது என்பதில் விஞ்ஞானம் இருக்கிறது. ஒரு கிலோ திரவம் ஆவியாக ஏறத்தாழ 360 கிலோயூல் மறைவெப்பம் வேண்டும். அதைச் சிலிண்டர் தன் உருக்குச் சுவரின் வழியாகக் குசினிக் காற்றிலிருந்து வாங்குகிறது. வீட்டு அடுப்பு ஒரு மணித்தியாலத்தில் எரிப்பது 150 கிராம் என்று வைத்தால், தேவைப்படுவது 15 வாற்று மட்டுமே. காற்று அதைத் தந்துவிடும். கொத்துரொட்டிக் கடையின் பெரிய பேர்னர் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும்போது காற்றால் ஈடுகொடுக்க முடியாது. சிலிண்டர் குளிர்ந்து வியர்க்கும், அமுக்கம் விழும், தீ மங்கும். அதற்குத் தீர்வு இரண்டு சிலிண்டரை இணைத்துப் பாரத்தைப் பகிர்வது. சுடுதண்ணீர் வேண்டாம். சிலிண்டரை அடுப்போடு ஒட்டி வைக்கவும் வேண்டாம். தீயின் கதிர்ப்பு நேரே ரப்பர் ஹோஸில் விழும்.

வாயு எவ்வளவு மிச்சம் என்று தெரியவேண்டுமானால் ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாக ஒருமுறை துடைத்துவிட்டுப் பாருங்கள். திரவம் இருக்கும் பகுதி குளிர்ச்சியாக இருப்பதால் அங்கே ஈரம் தாமதமாகக் காயும். காய்ந்ததற்கும் காயாததற்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோடுதான் உள்ளே திரவத்தின் மட்டம்.

திரவத்தின் விரிவு உங்கள் பணப்பையையும் தொடும். 2021இல் லிட்ரோ நிறுவனம் 18 லீற்றர் என்ற பெயரில் ஒரு புதுச் சிலிண்டரைக் கொண்டுவந்தது. விலை 1,395 ரூபாய். அப்போது 12.5 கிலோ சிலிண்டரின் விலை 1,493 ரூபாய். நூறு ரூபாய்க்குக் கிட்ட மலிவு என்று தோன்றும். ஆனால் 18 லீற்றர் சிலிண்டரில் இருந்த வாயுவின் நிறை 9.18 கிலோ. கணக்குப் போட்டால் பழையது கிலோ 119 ரூபாய், புதியது 152. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை தலையிட்டது, 12.5 கிலோ சிலிண்டர் சந்தையில் கிடைத்தாக வேண்டும் என்றது. லீற்றர் என்பது வாங்குபவருக்கு ஏற்ற அளவு அல்லவே அல்ல. பத்துப் பாகை சூடான 18 லீற்றர் திரவத்தில், குளிர்ந்ததைவிட இருநூறு கிராமுக்கும் மேலே குறைவாகத்தான் வாயு இருக்கும். எரிந்து சோறு ஆக்குவது நிறைதான். கிலோ எரிந்தால் சுமார் 46,000 கிலோயூல். ஆகவே விலையைக் கிலோவால் வகுத்துப் பாருங்கள். சிலிண்டரின் கழுத்து வளையத்தில் வெற்று எடை பொறிக்கப்பட்டிருக்கும், அதோடு 12.5ஐக் கூட்டினால் தராசில் வரவேண்டிய எண். குறைந்தால் வாங்காதீர்கள். நிறுத்துக் காட்டச் சொல்வதில் வெட்கம் எதற்கு? கடைக்காரர் மறுத்தால் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம்.

கண்ணாடித் தட்டு அடுப்பின் கதை கொஞ்சம் வேறு. கண்ணாடி வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தம். உருக்கோடு ஒப்பிட்டால் பல மடங்கு குறைவு. பெரிய தாச்சியோ கிடாரமோ வைத்தால் தீ பக்கவாட்டில் விரிந்து, பேர்னரைச் சுற்றிய கண்ணாடி மட்டும் கொதிக்கும். ஓரம் குளிர்ந்தே இருக்கும். 30 சென்ரிமீற்றர் கண்ணாடி 100 பாகை சூடேறினால் விரிய விரும்பும் அளவு கால் மில்லிமீற்றருக்குச் சற்று மேலே. நடுப்பகுதி விரியப் பார்க்கும், ஓரம் விடாது. அந்த இழுபறி நடக்கும்போது பொங்கி வழியும் கஞ்சியோ, துடைக்கும் ஈரத் துணியோ, ஏற்கெனவே விழுந்த கீறலோ சேர்ந்தால் தட்டு முழுவதும் ஒரே கணத்தில் சிறு சிறு துண்டுகளாகும். வெப்பமூட்டி உறுதியாக்கிய கண்ணாடி அப்படித்தான் உடையும். வெடிகுண்டு எதுவும் இல்லை. பேர்னர் அடியில் வாயு கசிந்து கண்ணாடிக்குக் கீழே எரிந்தாலும் இதே முடிவுதான், அது இன்னும் ஆபத்து. வாடகை வீட்டுக்குப் புதிதாக அடுப்பு வாங்குபவர்களுக்கு என் அபிப்பிராயம்: பளபளப்பை மறந்துவிட்டு உருக்குத் தட்டு அடுப்பையே வாங்குங்கள்.

கசிவு மணம் வந்தால் செய்யவேண்டியதில் ஒரு நுணுக்கம் உண்டு. வாயுவுக்கென்று மணம் இல்லை; கசிவை உணர்த்த எதைல் மேர்கப்டன் என்ற மணமூட்டியைச் சேர்க்கிறார்கள். 2021 டிசம்பரில் இறக்குமதியாகி வந்த வாயுவில் அது போதவில்லை என்று கப்பல்களையே ஏற்க மறுத்த சம்பவம் நடந்தது. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது. கசிந்தால் மேலே போகாது, நிலத்தோடு தவழும். தொடர்மாடிக் குசினியின் ஜன்னல் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. அதைத் திறந்தால் மட்டும் போதாது. நிலம் வரை திறக்கும் கதவைத் திறக்கவேண்டும். மின்சார ஆளி எதையும் தொடாதீர்கள். வாயுவை வெளியேற்றலாம் என்று எக்ஸோஸ்ட் விசிறியைப் போடுவது பலரும் செய்கிற தவறு; அந்த ஆளியின் பொறியே போதும். ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து, வெளியில் நின்று 110க்கு அழையுங்கள். கசிவு இருக்கிறதா என்று சந்தேகம் மட்டும் என்றால் சவர்க்கார நுரையை வால்விலும் ஹோஸ் இணைப்பிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிகிறது. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வீரம் வேண்டாம். சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். தோலுக்கு அடியில் தங்கிய வெப்பத்தை வெளியே எடுப்பது தண்ணீர்தான். பற்பசை அதை உள்ளேயே பூட்டிவைக்கும். பிறகு 1990 அம்புலன்ஸ்.

இனி உரிமை. விபத்து நடந்தபின் நம்மவர்கள் முதலில் செய்வது குசினியைக் கழுவித் துடைப்பது. அத்தோடு சாட்சியமும் போய்விடும். ரெகுலேட்டர், ஹோஸ், கண்ணாடித் துண்டுகள், சிலிண்டர் எல்லாவற்றையும் இருந்தபடியே படமெடுங்கள். சிலிண்டரின் இலக்கமும் சீலும் தெளிவாகத் தெரியட்டும். பிறகு பொலிஸில் முறைப்பாடு பதிந்து, பதிவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பொருட்களைக் கம்பனி ஆட்கள் “சோதித்துத் தருகிறோம்” என்று வந்து கேட்டால், பொலிஸுக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கையெழுத்துடன் ரசீது வாங்குங்கள். சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியின் அட்டை, வாங்கிய பற்றுச்சீட்டு இரண்டும் பத்திரம். பற்றுச்சீட்டுத் தராத கடையில் சிலிண்டரோ ரெகுலேட்டரோ வாங்குவதில்லை என்று இன்றே முடிவெடுங்கள். அது இல்லாமல் பின்னால் எதையும் நிறுவுவது கடினம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, நியமத்துக்கு அமையாத பொருளையோ உத்தரவாதத்துக்கு மாறான பொருளையோ பற்றி நீங்கள் எழுத்தில் முறையிடலாம். விசாரித்தபின் பணத்தைத் திருப்பித் தரவோ, பொருளை மாற்றித் தரவோ, நட்டஈடு வழங்கவோ கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பொருள் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போகவேண்டும்; இதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாமல் எழுதியும் கொடுங்கள். பெரிய காயமோ உயிரிழப்போ என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. அதற்கு இரண்டு ஆண்டுக் காலவரையறை. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். 2021 விவகாரமும் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது; கலவையின் விகிதத்தைச் சிலிண்டரில் காட்டவேண்டும் என்ற கோரிக்கைக்கு அங்கேதான் பலம் கிடைத்தது.

அந்த விகிதம் உங்கள் சிலிண்டரில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள், பதில் வராவிட்டால் எழுதுங்கள். சிங்களம் தெரியாதே என்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ யாரும் தயங்கத் தேவையில்லை. அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உங்களுக்கு உரிமை தருகிறது. கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.