எளிதில் வந்த முந்நூறு

பௌலிங் என்றதும் நமக்குக் கிரிக்கெட்டே நினைவுக்கு வரும். நாம் இங்கே கருதுவது அதுவன்று. வழவழப்பான தடத்தில் கனத்த பந்தை உருட்டி, 60 அடிக்கு அப்பால் முக்கோணமாய் நிற்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் அமெரிக்க ஆட்டம் அது. அந்நாட்டில் சில கத்தோலிக்கப் பங்குகளின் கீழ்த்தளத்திலேயே இதற்குத் தடம் அமைத்திருந்தனர். வாரம் ஒரு மாலை கூடி, பருவம் முழுதும் அணிகள் மோதுவதை லீக் என்பர். தொடர்ந்து 12 உருட்டலிலும் பத்தும் சாய்ந்தால் 300 புள்ளி. அதற்கு மேல் இல்லை.

தடத்தைக் காக்க எண்ணெய் பூசுவர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத அவ்வெண்ணெய்தான் இன்று புள்ளிகளின் தலைவிதியை எழுதுகிறது. நடுவில் மிகுதியாகவும் ஓரங்களில் குறைவாகவும் பூசிவிட்டால், ஓரம் தவறிய பந்து உலர்ந்த பலகையைப் பற்றித் திரும்பிவரும்; நடுவே தவறியது வழுக்கி நேரே செல்லும். ஆடுபவரின் பிழையைத் தடமே திருத்திவிடுகிறது. 1968-69 பருவத்தில் ஏறத்தாழ 900 முறையே கிட்டிய முந்நூறு, 1998-99இல் 34,000 முறையைக் கடந்தது. பந்துகளின் மேற்பூச்சு மாறியதும் இதற்கொரு காரணமே.

எண்ணெயை ஏறக்குறையச் சமமாகப் பரப்பிய கடினத் தடங்களும் உள. 200 சராசரி உடையவர் அங்கே 180க்கு இறங்கக்கூடும். அதை அறிந்தே அதனைத் தேர்வோரை நாம் மதிக்கிறோம். தம் புள்ளியை விலையாகக் கொடுத்துத் தம் திறனை அறிய விழைகின்றனர் அல்லரோ? எளிய தடத்தில் ஆடுவோர் ஏமாற்றுக்காரர் என்பதும் பொருந்தாது. விதி அதற்கு இடந்தருகிறது.

ஏமாற்று வேறிடத்தில் நுழையும். சராசரி குறைந்தவர்க்கு ஈட்டுப்புள்ளி வழங்கும் லீக்குகள் பல. கடினத் தடத்தில் பெற்ற தாழ்ந்த சராசரியை எளிய தடத்துக்குக் கொண்டுவந்து காட்டினால், உரிமையற்ற புள்ளிகள் கைக்கு வரும். அதனாலேயே அமெரிக்க பௌலிங் பேரவை அச்சராசரியைத் தனியே குறித்து, எளிய தடத்துக்கு வரும்போது உயர்த்திக் கணக்கிடுகிறது.

நம்மை உறுத்துவது இன்னொன்று. அணியில் வல்லவர் மட்டுமா உளர்? வேலை முடிந்து களைத்து வரும், 130 சராசரி கொண்ட முதியவரும் இருப்பார். "இதுவே மெய்யான ஆட்டம்" என்று இருவர் மூவர் முடிவு செய்து தடத்தை மாற்றினால், விலை கொடுப்பவர் அவர்; பெருமை கொள்பவர் இவர்கள். பருவம் தொடங்குமுன் கூடும் கூட்டத்தில் முதலில் அவரைக் கேட்பதே முறை. கேட்டால், எல்லாருக்கும் முன்பாக அவரே கடினத் தடத்துக்குக் கை உயர்த்தவும் கூடும்.