பொது நோய்நிலைகளுக்கு நோயாளிகள் மருத்துவர் உதவியாளரை நாடும் அளவை மதிப்பிடுதல்: அமெரிக்கத் தரவு மூலங்களும் அவற்றின் வரம்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, சுவாசத் தொற்று போன்ற பரவலான நோய்நிலைகளுக்காக மருத்துவமனைக்கோ கிளினிக்குக்கோ செல்லும் நோயாளிகளுள் கணிசமானோர் மருத்துவர் உதவியாளரிடமே சிகிச்சை பெறுகின்றனர். ஆயினும், எந்த நோய்க்கு எத்தனை வருகைகள் அவர்களிடம் நிகழ்கின்றன என்பதைத் துல்லியமாக அறிவது எளிதன்று. மருத்துவ வருகைகளைப் பதிவு செய்யும் ஏற்பாடுகள் மருத்துவரை மையமாகக் கொண்டு உருவானவை என்பதே இதற்குக் காரணம். இம்மதிப்பீட்டுக்குப் பயன்படும் மூவகைத் தரவு மூலங்களையும், அவற்றில் நேரும் குறைமதிப்பீட்டின் காரணங்களையும், அக்குறைமதிப்பீடு நோய்க்கு நோய் வேறுபடுவதன் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: மருத்துவர் உதவியாளர், புறநோயாளி வருகை, மாதிரி அளவாய்வு, காப்பீட்டுக் கோரிக்கைப் பதிவு, மறைமுகக் கட்டணக் கோரிக்கை, குறைமதிப்பீடு

முன்னுரை

மருத்துவர் உதவியாளர் என்னும் பணிநிலை, 1965இல் வட கரோலினா மாநிலத்தின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்தது. கடற்படையில் மருத்துவப் பணி ஆற்றிய நால்வர் அதில் முதல் மாணவர்களாகச் சேர்ந்தனர்; அவர்களுள் மூவர் 1967இல் பயிற்சியை நிறைவு செய்தனர். மருத்துவர் பற்றாக்குறையை ஈடுசெய்யத் தோன்றிய அம்முயற்சி, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ் பெற்றோரைக் கொண்ட தொழிலாக விரிந்துள்ளது. நோயாளியின் வரலாற்றைக் கேட்டறிதல், உடற்பரிசோதனை, நோயறிதல், மருந்து எழுதுதல் ஆகியவற்றை இவர்கள் மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டு மேற்கொள்கின்றனர். இவர்களது அமெரிக்கத் தொழிற்சங்கம் 2021இல் பெயரின் பிற்பகுதியை ‘உதவியாளர்’ என்பதிலிருந்து ‘இணையர்’ எனப் பொருள்படும் சொல்லாக மாற்றுவதென முடிவெடுத்தது. பதிவுகளில் பழைய பெயரே பெரிதும் வழங்குவதால் இக்கட்டுரையிலும் அதுவே கையாளப்படுகிறது.

இவர்களை நோயாளிகள் எவ்வளவு முறை நாடுகின்றனர் என்ற வினாவுக்கு நடைமுறைப் பயன் உண்டு. எத்தனை பேருக்குப் பயிற்சி அளிப்பது, எந்நோய்களில் பயிற்சியை ஆழப்படுத்துவது, எப்பகுதிக்கு எவரை அனுப்புவது, எவ்வளவு கட்டணம் வழங்குவது ஆகிய முடிவுகள் அனைத்தும் இவ்வெண்ணிக்கையைச் சார்ந்துள்ளன. எண்ணிக்கை குறைவாகத் தோன்றினால், செய்யப்படும் பணியே இல்லாததாகக் கருதப்படும்.

வினாவை வரையறுத்தல்

‘எவ்வளவு முறை’ என்ற ஒரே தொடருக்குள் மூன்று வேறு வினாக்கள் அடங்கியுள்ளன. முதலாவது, ஒரு நோய்நிலைக்கான மொத்த வருகைகளுள் மருத்துவர் உதவியாளரிடம் நிகழ்ந்தவை எத்தனை விழுக்காடு என்பது. இரண்டாவது, அந்நோயுடைய நோயாளிகளுள் ஓராண்டில் ஒருமுறையேனும் அவரைக் கண்டோர் எத்தனை விழுக்காடு என்பது. மூன்றாவது, மருத்துவர் உதவியாளரின் மொத்தப் பணியில் அந்நோய் பெறும் பங்கு யாது என்பது. மூன்றுக்கும் பகுதி எண் வேறு; ஆகவே விடையும் வேறு.

பி.எம்.ஜே. இதழில் 2023இல் வெளியான ஆய்வு ஒன்று இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. மெடிகேர் பயனாளிகளின் 2013 முதல் 2019 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த அவ்வாய்வு, மருத்துவர் உதவியாளர்களும் உயர்பயிற்சிச் செவிலியர்களும் சேர்ந்து கவனித்த வருகைகளின் பங்கு 14.0 விழுக்காட்டிலிருந்து 25.6 விழுக்காடாக உயர்ந்ததெனக் கண்டது. ஆனால் 2019இல் ஒரு வருகையேனும் மேற்கொண்ட பயனாளிகளுள் 41.9 விழுக்காட்டினர் இவ்விரு பிரிவினரில் ஒருவரை ஒருமுறையேனும் கண்டிருந்தனர். வருகையை அலகாகக் கொண்டால் நான்கில் ஒன்று. நோயாளியை அலகாகக் கொண்டால் ஐந்தில் இரண்டு. இரண்டும் ஒரே ஆண்டின் ஒரே மக்கள்தொகையைப் பற்றியவை.

தரவு மூலங்கள்

1. வருகை அளவாய்வு: தேசியச் சுகாதாரப் புள்ளியியல் மையம் 1973இல் தொடங்கிய தேசியப் புறநோயாளி மருத்துவக் கவனிப்பு அளவாய்வு இவ்வகையில் முதன்மையானது. இதன் மரபான வடிவத்தில் தனியார் மருத்துவர்கள் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்படுவர். ஒவ்வொருவருக்கும் ஆண்டின் 52 வாரங்களுள் ஒன்று ஒதுக்கப்படும். அவ்வாரத்தில் வரும் நோயாளிகளுள் ஒரு பகுதியினரின் விவரம் பதிவாகும். ஒவ்வொரு பதிவும் தேர்வு நிகழ்தகவின் தலைகீழாக நிறையிடப்படும். எடுத்துக்காட்டாக, 50 மருத்துவர்களுக்கு ஒருவர், 52 வாரங்களுக்கு ஒன்று, 4 வருகைகளுக்கு ஒன்று எனத் தேர்வு அமைந்தால், ஒரு பதிவு 50 × 52 × 4, அதாவது 10,400 வருகைகளுக்குப் பிரதிநிதியாகும்.

இம்முறையின் வலிமை, நோயறிதல், வருகையின் காரணம், கவனித்த பணியாளர் ஆகிய அனைத்தும் ஒரே படிவத்தில் கிடைப்பதாகும். மருத்துவரின் வழியாகவே வருகை தேர்வாவது இதன் குறை. மருத்துவரின் பட்டியலில் இடம்பெறாமல் மருத்துவர் உதவியாளர் தாமே கவனித்த வருகை, தேர்வுக்கே வருவதில்லை. 2006 முதல் சமுதாய நலவாழ்வு மையங்களில் பணிபுரியும் மருத்துவர் உதவியாளர்களும் மாதிரியில் சேர்க்கப்பட்டமை, இக்குறையை அம்மையங்களின் அளவில் குறைத்தது.

2. குடும்ப அளவாய்வு: 1996 முதல் நடைபெறும் மருத்துவச் செலவின அளவாய்வு, குடும்பங்களை ஈராண்டுகளில் ஐந்து சுற்றுகளாகப் பேட்டி காண்கிறது. எந்த நோய்க்கு, எவ்வகைப் பணியாளரிடம் சென்றனர் என்பதை மக்களே கூறுகின்றனர். காப்பீடு இல்லாதோரும் இதில் அடங்குவர். எனினும் வெள்ளை அங்கி அணிந்து பரிசோதித்து மருந்து எழுதியவர் மருத்துவரா, மருத்துவர் உதவியாளரா, உயர்பயிற்சிச் செவிலியரா என்பதை நோயாளி எப்போதும் அறிவதில்லை. ஐயம் நேரும்போது ‘மருத்துவர்’ என்ற பழகிய சொல்லே விடையாக வருவது இயல்பு. நினைவுத் தவறும் இதனுடன் சேரும்.

3. காப்பீட்டுக் கோரிக்கைப் பதிவு: 65 வயதுக்கு மேற்பட்டோருக்கும் உடற்குறையுடையோருக்குமான மெடிகேர் திட்டத்தின் பதிவுகள் அளவில் மிகப் பெரியவை. ஒவ்வொன்றிலும் நோய்க்குறியீடும் கட்டணம் கோருபவரின் அடையாள எண்ணும் உள்ளன. ஆயின் கட்டணம் கோருபவரும் சிகிச்சை அளித்தவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இம்மூலத்தின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

மறைமுகக் கட்டணக் கோரிக்கை

1997ஆம் ஆண்டின் சமநிலை வரவுசெலவுச் சட்டத்தின்படி, மருத்துவர் உதவியாளர் தம் பெயரில் கோரும் சேவைக்கு மருத்துவருக்குரிய கட்டணத்தில் 85 விழுக்காடு வழங்கப்படுகிறது. அதே சேவை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு மருத்துவரின் பெயரில் கோரப்பட்டால் 100 விழுக்காடு கிடைக்கும். எனவே, இயன்ற இடங்களில் மருத்துவரின் பெயரைப் பயன்படுத்தக் கிளினிக்குகளுக்குப் பொருளாதாரத் தூண்டுதல் உள்ளது. இவ்வாறு கோரப்பட்ட வருகையில் மருத்துவர் உதவியாளரின் பெயர் பதிவில் இராது.

நிபந்தனைகள் இங்குக் கருதத்தக்கவை. சிகிச்சைத் திட்டத்தை மருத்துவரே முன்னர் தொடங்கியிருக்க வேண்டும். நோயாளி புதியவராகவோ, நோய் புதியதாகவோ இருத்தலாகாது. பொதுவாக மருத்துவரின் நேரடி மேற்பார்வை இருத்தல் வேண்டும். இவற்றின் விளைவாக, மறைதல் எல்லா நோய்களுக்கும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. தொடர் கண்காணிப்பு தேவைப்படும் நீடித்த நோய்களில் அது மிகும். புதிதாகத் தோன்றும் கடுநோய்களில் குறையும்.

ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு கிளினிக்கில் ஒரு வாரத்தில் உயர் இரத்த அழுத்தத்துக்காக 50 வருகைகளும், தொண்டைத் தொற்றுக்காக 40 வருகைகளும் நிகழ்ந்தன எனக் கொள்க. மருத்துவர் உதவியாளர் முன்னதில் 15, பின்னதில் 12 வருகைகளைக் கவனித்தார். இரண்டிலும் அவரது பங்கு 30 விழுக்காடு. முதல் வகையில் 11 வருகைகளும் இரண்டாம் வகையில் 2 வருகைகளும் மருத்துவரின் பெயரில் கோரப்பட்டால், பதிவு காட்டும் பங்கு முறையே 50க்கு 4 (8 விழுக்காடு), 40க்கு 10 (25 விழுக்காடு) ஆகும். உண்மையில் சமமாக இருந்த பணி, பதிவில் மும்மடங்கு வேறுபாடாகத் தோன்றுகிறது. இதைக் காணும் ஆய்வாளர், ‘மருத்துவர் உதவியாளர்கள் எளிய கடுநோய்களையே கவனிக்கின்றனர்’ என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடும். அம்முடிவு நோயைப் பற்றியதன்று. கட்டண விதியைப் பற்றியது.

முற்குறித்த 2023ஆம் ஆண்டு ஆய்வில், 2019இல் இவ்விரு பிரிவினரின் பங்கு கண் நோய்களுக்கு 13.2, உயர் இரத்த அழுத்தத்துக்கு 20.4, பதற்றக் கோளாறுகளுக்கு 36.7, சுவாசத் தொற்றுகளுக்கு 41.5 விழுக்காடு என வேறுபட்டது. இத்தகைய நோய்வாரி ஒப்பீடு எதனைப் படித்தாலும், மறைமுகக் கோரிக்கை எவ்வாறு கையாளப்பட்டது என்பதை முதலில் வினவுதல் வேண்டும். அதனைச் சரிசெய்ய ஆய்வாளர்கள் கையாளும் ஒரு வழி, மருந்துச் சீட்டுப் பதிவை வருகைப் பதிவுடன் இணைப்பதாகும். கட்டணம் மருத்துவரின் பெயரிலும், அவ்வருகையில் எழுதப்பட்ட மருந்து மருத்துவர் உதவியாளரின் எண்ணிலும் இருப்பின், சிகிச்சை அளித்தவர் பின்னவரே எனக் கொள்ளலாம். மருந்து எழுதப்படாத வருகைகளுக்கு இவ்வழி நேரடியாகப் பயன்படாது. அவற்றை மாதிரியமைப்பின் வழியே ஊகித்தல் வேண்டும்.

நோய்நிலையை வரையறுப்பதில் உள்ள சிக்கல்

ஒரே வருகையில் ஒருவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் மூட்டுவலியும் பதிவாகலாம். முதலாவதாக எழுதப்பட்ட நோயை மட்டும் கொண்டால் உடனிருக்கும் நீடித்த நோய்கள் விடுபடும். அனைத்தையும் கொண்டால் ஒரே வருகை மும்முறை எண்ணப்படும். மேலும், 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் நோய்க்குறியீடுகளின் பத்தாம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன்னும் பின்னுமான எண்களை ஒப்பிடும்போது, காணப்படும் மாற்றத்தில் ஒரு பகுதி குறியீட்டு மாற்றத்தின் விளைவாக இருக்கக்கூடும்.

மருத்துவர் உதவியாளர் எத்துறையில் பணிபுரிகிறார் என்பதும் மெடிகேர் பதிவில் தெளிவாக இல்லை. பொது மருத்துவத்தில் இருப்பவரும் எலும்பியல் அறுவைப் பிரிவில் இருப்பவரும் ஒரே வகைக் குறியீட்டின்கீழ் அடங்குகின்றனர். மெடிகேர் கட்டண ஆலோசனைக் குழு 2019இல் மறைமுகக் கோரிக்கையை நீக்கவும், துறைக் குறியீட்டை நுணுக்கமாக்கவும் பரிந்துரைத்தமைக்கு இக்குறைபாடுகளே பின்னணியாகும்.

மதிப்பீட்டின் நம்பகம்

நோய்வாரியாகப் பிரிக்கும்போது மாதிரியின் அளவு விரைவில் சுருங்குகிறது. ஒரு நோய்க்கு 900 வருகைகள் மாதிரியில் இருந்து, அவற்றுள் 180 மருத்துவர் உதவியாளரிடம் நிகழ்ந்திருந்தால் பங்கு 20 விழுக்காடு. எளிய மாதிரியெனில் திட்டப்பிழை சுமார் 1.3, 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி சுமார் 17.4 முதல் 22.6 வரை. மற்றொரு நோய்க்கு 36 வருகைகளே இருந்து, அவற்றுள் 9 அவரிடம் நிகழ்ந்திருந்தால் பங்கு 25 விழுக்காடு. இடைவெளியோ 11 முதல் 39 வரை விரியும். வருகைகள் மருத்துவர்வாரியாகக் கொத்தாக எடுக்கப்படுவதால் உண்மைப் பிழை இதனினும் கூடுதலாகும். 30க்குக் குறைவான பதிவுகளையோ, 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சார்புத் திட்டப்பிழையையோ கொண்ட மதிப்பீடு நம்பத்தக்கதன்று என்பது இவ்வளவாய்வில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட விதி. ஆயினும் மாதிரியைப் பெருக்குவதால் திட்டப்பிழை குறையுமேயன்றி, பெயர் மறைவதால் வரும் சாய்வு குறையாது. கோடிக்கணக்கான கோரிக்கைப் பதிவுகள், தவறான ஓர் எண்ணை மிகத் துல்லியமாகக் காட்டவும் கூடும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. மருத்துவர் உதவியாளரை நோயாளிகள் நாடும் அளவைப் பற்றிய எந்த எண்ணும், வருகையை அலகாகக் கொண்டதா நோயாளியை அலகாகக் கொண்டதா என்ற விளக்கத்துடனேயே பொருள்படும். மருத்துவர்வழி மாதிரியும் மருத்துவர் பெயர்வழிக் கோரிக்கையும் அவர்களது பங்கைக் குறைத்தே காட்டும். அக்குறைவு நீடித்த நோய்களில் மிகுதியாதலால், நோய்களுக்கிடையேயான ஒப்பீடு தனிக் கவனத்தை வேண்டுகிறது. மூன்று மூலங்களின் குறைகளும் வெவ்வேறாதலின், அவை ஒரே திசையைக் காட்டும்போது முடிவின் வலிமை கூடுகிறது.

இச்செய்தி தமிழகத்துக்கும் பொருந்துவது. இந்தியாவில் இப்பயிற்சி 1992இல் சென்னையிலுள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் தொடங்கியது. 2021ஆம் ஆண்டின் தேசிய இணைமருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் இத்தொழிலைத் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. பதிவேடுகள் உருவாகிவரும் இக்காலத்திலேயே ‘சிகிச்சை அளித்தவர்’, ‘கட்டணம் கோரியவர்’ என இரு தனிக் கட்டங்களை அமைத்துவிட்டால், அமெரிக்க ஆய்வாளர்கள் மருந்துச் சீட்டுகளைத் துருவி மீட்டெடுக்க முயலும் விவரம் இங்குத் தொடக்கத்திலேயே கிடைக்கும். தம்மைக் கவனித்தவர் யார் என்பதை அறியும் உரிமை நோயாளிக்கும், செய்த பணி தம் பெயரில் பதிவாகும் உரிமை பணியாளருக்கும் உண்டு. அவ்விரண்டும் நிறைவேறும் இடத்திலேயே நம்பத்தக்க மதிப்பீடும் தொடங்குகிறது.