நடவுப் பெண்களை வாட்டும் இரத்தசோகை

திருச்சி மாவட்டத்தில் ஸ்ரீரங்கம், அந்தநல்லூர், லால்குடிப் பகுதிகளில் காவிரிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைகின்றன. மணப்பாறை, மருங்காபுரி, துறையூர்ப் பகுதிகளில் மானாவாரி நிலம் அதிகம். மண் வேறானாலும், நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் பெண்களைப் பெரிதும் பாதிக்கும் நோய் ஒன்றே. அதுதான் இரத்தசோகை.

2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை உள்ளது. ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே உள்ளது. மாதவிடாயும் மகப்பேறும் இதற்கு ஒரு காரணம். வறுமையும் வழக்கமும் மற்ற காரணங்களாகும்.

மாறிய உணவு

முன்பு மானாவாரிப் பகுதிகளில் கம்பங்கூழே அன்றாட உணவு. கம்பு விளைந்த நிலங்கள் பல பின்னர் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மாறின. 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைப்பதால் ஏழைகளின் பசி தணிந்தது. இது பெரும் நன்மையே. ஆனால் 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராம்கூட இல்லை. வசதியுள்ள வீட்டில் பருப்பு, கீரை, முட்டை ஆகியவை இக்குறையை ஓரளவு ஈடு செய்கின்றன. கூலி வீட்டில் அதற்கு வழியில்லை. ரேஷன் அரிசியில் இரும்புச்சத்துச் சேர்த்து வழங்கும் முன்னோடித் திட்டம் 2020இல் திருச்சி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது.

வழக்கமும் வெறுங்காலும்

வீட்டில் அனைவரும் உண்டபின் மிஞ்சியதை உண்பது பல பெண்களின் வழக்கம். குழம்பில் காயும் மீனும் அதற்குள் தீர்ந்துவிடும். சாப்பாட்டுடன் டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும்.

வாய்க்கால் கரையிலும் தோப்பிலும் மலம் கழித்தால் கொக்கிப்புழுவின் முட்டைகள் ஈர மண்ணில் பொரிக்கும். அங்கு வெறுங்காலுடன் நடப்பவரின் தோல் வழியே இளம்புழுக்கள் நுழைந்து, குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சும்.

வேலைக்கும் நட்டம்

இரத்தசோகை உள்ளவருக்கு விரைவில் களைப்பும் மூச்சு வாங்கலும் ஏற்படும். இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் பெண் தொழிலாளர்களுக்கு இரும்புச்சத்து கொடுத்துச் சோதித்தனர். அவர்கள் பறித்த கொழுந்தின் அளவு கூடியதாக 1979இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

செய்ய வேண்டியவை

1. மானாவாரி நிலத்தில் ஒரு பகுதியிலாவது வீட்டுத் தேவைக்குக் கம்பு விதையுங்கள். நல்ல விதைக்கு வேளாண் விரிவாக்க மையத்தை அணுகலாம்.

2. வரப்பில் அகத்தியும் வீட்டருகே முருங்கையும் வளர்க்கலாம். பூச்சிமருந்து படாத கீரையையே சமைக்க வேண்டும். கீரையுடன் எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு சேரும்.

3. நடவாட்களுக்கு டீயைச் சாப்பாட்டுடன் கொடுக்காமல் ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

4. கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். கரையிலும் தோப்பிலும் செருப்பணிந்து நடங்கள்.

5. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதிக்கலாம். பெண்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் இரத்தசோகை எனலாம். இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு மாத்திரையும் மருத்துவர் சொற்படி உட்கொள்ள வேண்டும்.

நடவு தொடங்குமுன் தங்கள் வீட்டுப் பெண்களையும் வேலைக்கு வரும் பெண்களையும் இச்சோதனைக்கு அனுப்பி வைப்பது விவசாயிகளின் கடமையாகும்.