கஞ்சாவும் கைப்பேசியும்

சாத்தனூர் அணையிலிருந்து இறங்கி வரும் தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த மூங்கில்துறைப்பட்டை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைக் கொண்டே அறிவார்கள். எந்த ஊரிலும் நேரக்கூடியது போல, அவ்வூரிலும் ஓர் இளைஞன் கஞ்சாப் பழக்கத்துக்கு ஆளாகி, ஒருநாள் யாரும் சொல்லாமல் தானாகவே அதைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் எங்கே போவான்? மருந்துக்கடையில் விசாரித்தால், அவன் வீடு திரும்புவதற்கு முன்பே செய்தி தகப்பனார் காதுக்குப் போய்விடும். கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பஸ் ஏறிப் போய், மனநலப் பிரிவின் வாசலில் சீட்டும் கையுமாக நிற்கும்போது உறவினர் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டால் நாளைக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்களே என்ற அச்சம் அவனைத் தடுக்கிறது. போலீஸ் பயமோ அதற்கும் மேற்பட்டது. இத்தனை கதவுகளும் மூடியிருக்கையில், அவன் சட்டைப் பையில் ஒரு கைப்பேசி இருக்கிறது. அந்தக் கைப்பேசியின் மூலமாகவே அவனுக்கு ஒத்தாசை செய்ய முடியுமா என்று பத்தாண்டுகளுக்கு மேலாக உலகின் பல இடங்களில் சோதித்து வருகிறார்கள்.

கள்ளக்குறிச்சி என்றதும், 2024 ஜூன் மாதத்தில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்ட கோரம்தான் ஜனங்களின் நினைவுக்கு வருகிறது. கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிக்கப்பட்ட செய்திகளையும் நெடுங்காலமாகப் படித்து வருகிறோம். கஞ்சா அப்படி ஒரே இரவில் உயிர்களை வாரிக்கொண்டு போவதில்லை. ஆகையால் அதைப் பற்றிய கவலை, பொட்டலம் பிடிபட்ட அன்று எழுந்து மறுநாளே அடங்கிவிடுகிறது. ஆயினும், டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த தேசிய போதைச் சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கெடுப்பு, 10 முதல் 75 வயதுக்கு உட்பட்ட இந்தியர்களில் 2.8 சதவீதம் பேர், அதாவது சுமார் 3.1 கோடிப் பேர், ஓராண்டு காலத்தில் பாங்கு, கஞ்சா, சரஸ் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை உபயோகித்திருந்தார்கள் என்றும், அந்தப் பழக்கத்தால் உதவி தேவைப்படும் நிலையில் இருந்தவர்கள் சுமார் 72 லட்சம் பேர் என்றும் சொல்கிறது. எங்கோ சிலருடைய துர்ப்பழக்கம் என்று ஒதுக்கிவிடக்கூடிய தொகை அன்று இது.

கஞ்சாவில் போதையைத் தரும் முக்கியப் பொருளுக்கு டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்று பெயர். 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் அதைத் தனியே பிரித்து அதன் அமைப்பை விளக்கினார்கள். மூளையில் ஞாபகம், பசி, உறக்கம், மன அமைதி ஆகியவற்றைச் சீர்செய்வதற்கு இயற்கையாகவே அமைந்த ஏற்பிகளில் போய் இப்பொருள் அமர்ந்துகொள்கிறது. மூளையோ இருபது வயதைத் தாண்டிய பிறகும் சில ஆண்டுகள் வளர்ந்து முதிர்ச்சி பெறுகிற அவயவம். ஆதலால் பதின்பருவத்தில் தொடங்கியவன், முப்பதில் தொடங்கியவனைவிட எளிதாக அதற்கு அடிமையாகிறான். நாள்தோறும் புகைத்தவன் திடீரென்று நிறுத்தினால், ஓரிரு நாட்களுக்குள் எரிச்சல் உண்டாகிறது, சோறு இறங்குவதில்லை, உறக்கம் பிடிப்பதில்லை, பிடித்தாலும் விபரீதமான கனவுகள் வருகின்றன. முதல் வாரத்தில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரங்களில் தணிந்துவிடுகிற இந்த அவஸ்தையை, அது தணிந்துவிடும் என்று அறியாத காரணத்தாலேயே பலர் பொறுக்கமாட்டாமல் நான்காம் நாளில் மறுபடியும் பொட்டலத்தைத் தேடிப் போகிறார்கள்.

இந்தப் பழக்கத்தை விடுவிப்பதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. வைத்தியம் முழுவதும் பேச்சிலும், யோசனையிலும், பழக்கத்தை மாற்றும் பயிற்சியிலுமே அடங்கியிருக்கிறது. மாத்திரையைக் கைப்பேசியால் தர முடியாது. ஆனால் கேள்வி கேட்கவும், கணக்கு வைக்கவும், சமயத்தில் ஞாபகமூட்டவும் அதனால் முடியும். கஞ்சாவைக் குறைக்க உதவும் கைப்பேசிச் செயலிகள் பிறந்ததற்கு ஆதாரமான எண்ணம் இதுவே.

அவை செய்யும் காரியம் மிகவும் எளிமையானது. முதல் நாளில் செயலி சில கேள்விகளைக் கேட்கும்: கடந்த 30 நாட்களில் எத்தனை நாள் புகைத்தாய், எந்த வேளையில், யாருடன், எவ்வளவு பணம் செலவாயிற்று, சிகரெட்டுப் புகையிலையும் கலந்தாயா? பிறகு, வீட்டில் பால் கணக்கைச் சுவர்க் காலண்டரில் குறித்து வைப்பதைப் போல, புகைத்த ஒவ்வொரு தடவையையும், ஆசை எழுந்தும் புகைக்காமல் விட்ட ஒவ்வொரு தடவையையும் அவன் அதில் குறிக்க வேண்டும். இரண்டு வாரம் கழிந்ததும் செயலி அந்தக் குறிப்புகளைத் திரட்டிக் காட்டும்போது, மனக்கஷ்டத்தினால்தான் புகைக்கிறோம் என்று எண்ணியிருந்தவனுக்கு, சனிக்கிழமை கூலி வாங்கிய மாலையிலும், இரவு வேலை முடிந்து உறக்கம் வராத விடியற்காலையிலும்தான் அது நிகழ்கிறது என்பது புலப்படலாம். அதைக் கண்டுகொண்ட பின்னர், அந்த மாலையில் வேறு வழியாக வீடு திரும்புவது, ஆசை எழுந்ததும் கால் மணி நேரம் ஒத்திப்போட்டு நடந்து வருவது, நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிடுவது என்று சிறு சிறு உபாயங்களை அவனே தேர்ந்தெடுக்கச் செயலி உதவுகிறது. மிச்சப்பட்ட பணத்தையும் கூட்டிக் காட்டுகிறது. ஒரே நாளில் முழுவதும் விட்டுவிடு என்று அது கட்டளையிடுவதில்லை. ஐந்து நாளை மூன்றாக்கினாலும் லாபம் என்று ஒப்புக்கொள்கிறது. முழுத் துறவை மட்டுமே வெற்றி என்று கருதும் நம் சமூகத்துக்கு இது சற்று இளப்பமாகத் தோன்றலாம். குறைக்கத் துணிந்தவனை ஏளனம் செய்து அனுப்புவதைவிட அவனைப் பிடித்து வைத்துக்கொள்வது மேல் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஜெனீவாவில் போதைச் சிகிச்சை மருத்துவர்கள் பிரெஞ்சு மொழியில் இத்தகைய செயலி ஒன்றை அமைத்து, 2015-இல் அதன் அனுபவங்களை வெளியிட்டார்கள். பயன்படுத்தியவர்கள் பலர் பிரயோஜனம் உண்டு என்றே சொன்னார்கள். ஆனால் செயலி இல்லாத மற்றொரு கூட்டத்தோடு ஒப்பிடாத காரணத்தால், அதை முடிவான சான்றாகக் கொள்வதற்கில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், இளைஞர்கள் தினந்தோறும் சலிக்காமல் பதில் எழுதுவதற்காக, எழுத எழுத மீன்கள் பெருகும் கண்ணாடித் தொட்டி ஒன்றைத் திரையில் அமைத்தார்கள். இந்தச் சலிப்புதான் பெரிய எதிரி. ஆர்வத்தோடு இறக்கிக்கொண்ட பலர் இரண்டாம் வாரத்திலேயே செயலியைத் திறப்பதை நிறுத்திவிடுகிறார்கள். தொடர்ந்தவர்களிடத்திலும் பலன் மிதமாகவே காணப்படுகிறது.

எல்லாவற்றிலும் என் கவனத்தை அதிகமாகக் கவர்ந்தது ஸூரிச் நகரத்துச் சோதனை. அங்கே இணையவழித் தற்பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்து, சிலருக்குப் பயிற்சியை மட்டும் கொடுத்தார்கள். சிலருக்குப் பயிற்சியோடு, ஆலோசகர் ஒருவருடன் எழுத்து மூலம் உரையாடும் வசதியையும் கொடுத்தார்கள். இன்னும் சிலரைக் காத்திருக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, புகைக்கும் நாட்கள் அதிகமாகக் குறைந்தது ஆலோசகரின் துணை கிடைத்த கூட்டத்தில்தான். பலர் இடையில் விலகிவிட்ட குறை அந்தச் சோதனைக்கும் உண்டு. இருந்தாலும், கருவிக்குப் பின்னால் மனிதர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற பாடம் நமக்குப் புதியதன்று. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், நகரத்து மருத்துவமனையோடு நின்றுவிடாமல், காவிரிப் பகுதியில் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சென்று குடிநோய்ச் சிகிச்சை முகாம்களை நடத்தியபோது, ஊராரையும் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டே அதைச் செய்தது.

கள்ளக்குறிச்சிக்கு ஏற்ற தமிழ்ச் செயலி ஒன்று வேண்டுமென்றால், அது வேற்றுமொழிச் செயலியின் வெறும் மொழிபெயர்ப்பாக இருந்து பயனில்லை. அண்ணனும் தம்பியும் தங்கையும் ஒரே கைப்பேசியைப் பார்க்கும் வீடுகள் உண்டு. ஆகவே திறப்பதற்குத் தனி ரகசிய எண் வேண்டும். அலைவரிசை எட்டாத கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும் இயங்கும்படி குறிப்புகள் கைப்பேசியிலேயே தங்க வேண்டும். கேள்விகளை எழுத்தில் மட்டுமன்றிக் குரலிலும் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் மறுமுனையில் மாவட்ட மனநலத் திட்டத்தைச் சேர்ந்த ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும்.

எழுதி வைத்த கணக்கே தனக்கு எதிரான சாட்சியமாகிவிடுமோ என்ற பயம் நியாயமானது. போதைப்பொருள் பற்றித் தகவல் கொடுப்பவர்களுக்காக மத்திய அரசு 2024-இல் 1933 என்ற எண்ணை ஏற்படுத்தியது. ஆனால் மீள விரும்புகிறவனுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை அதே முனைப்போடு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, உபயோகித்த குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானவர், தாமாகவே முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் சிகிச்சை பெற்று முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி செய்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமோ, போதையினால் உண்டாகும் மனநோயையும் தன்னுள் அடக்கி, சிகிச்சைக்கு வருபவரின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமையை விதிக்கிறது. இவ்விரு செய்திகளும் செயலியின் முதல் திரையிலேயே தெளிவான தமிழில் எழுதப்பட வேண்டும்.

காதில் யாரோ பேசுவது போல் கேட்கிறது என்றோ, தன்னை எல்லோரும் வேவு பார்க்கிறார்கள் என்றோ ஓர் இளைஞன் சொல்லத் தொடங்கினால், அவனைச் செயலியிடம் விட்டுவைக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். அந்த நிலையை அடையாதவர்கள், தமிழ்ச் செயலி வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. டெலி மானஸ் என்னும் அரசு மனநலச் சேவையின் 14416 என்ற எண் 2022 அக்டோபர் முதல் இரவும் பகலும் இயங்குகிறது; போதை மீட்புக்கென்றே 14446 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை; 14416-இல் தமிழிலேயே பேசலாம்.