புகைவண்டிக்குப் புகையும் ஓசையும்

வாகனமொன்றிற்கு அது கக்கும் புகையைக் கொண்டே பெயர் சூட்டியது நம் மொழி. 'புகைவண்டி' என்றனர் மக்கள். அதன் ஓசையைக் 'குபுகுபு' என்னும் இரட்டைக்கிளவியால் குறித்தனர். சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972ஆம் ஆண்டோடு நீராவி எஞ்சின் உற்பத்தியை நிறுத்திற்று. டீசலும் மின்சாரமும் இருப்புப்பாதையை ஆட்கொண்டன. புகை மறைந்தது, ஓசை அடங்கியது, பெயர் மட்டும் எஞ்சியது.

பெரம்பலூர் நகருக்கு இருப்புப்பாதை இல்லை. பூலாம்பாடிச் சிறுவன் இரயிலைக் காண ஆத்தூருக்கோ அரியலூருக்கோ செல்லவேண்டும். அங்கும் அவன் காண்பது புகையில்லா வண்டியே. அச்சிறுவனுக்குப் 'புகைவண்டி' என்னும் சொல்லின் பொருளைக் கண்ணாலும் செவியாலும் உணர்த்தவல்லது, ஒலியும் புகையும் ஊட்டப்பெற்ற பெரிய அளவு மாதிரி எஞ்சின். அக்கலையின் நுட்பத்தை இங்கு சுருக்கமாகக் காண்போம்.

ஓசையும் புகையும் ஒருதாய் மக்கள்

நீராவி உருளைக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. வேலை முடித்த ஆவி, புகைபோக்கியின் அடியிலுள்ள குறுகிய குழல்வாய் வழியே சீறி மேலெழுகிறது. அச்சீற்றமே 'குப்' என்னும் ஓசை. அது மேலெழும்போது உலையின் புகையையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அதனால் உலைக்குப் புதுக்காற்றுக் கிடைத்து நெருப்பு ஓங்குகிறது. பெரும்பாலான எஞ்சின்களில் உருளைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஆவி பிஸ்டனின் இருபுறமும் மாறிமாறித் தள்ளும். ஆகவே சக்கரம் ஒருமுறை சுழல, நான்கு 'குப்' ஒலிகள் பிறக்கும்.

ஏற்றத்தில் ஆவி மிகுதியாகச் செல்வதால் ஓசை கனக்கும். இறக்கத்தில் ஓட்டுநர் ஆவியை அடைத்துவிட, ஓசை அடங்கி வண்டி தானே உருளும். எனவே ஓசையும் புகையும் எஞ்சினின் அணிகலன்கள் அல்ல. அதன் உழைப்பின் வெளிப்பாடுகள். மாதிரி செய்வோர் முதற்கண் உணரவேண்டிய உண்மை இதுவே.

இவ்வுண்மையை முன்னரே செயலிற் காட்டியவர் முஸ்லிம் பொறியறிஞர் அல்-ஜஸரி. 1206இல் அவர் நிறைவுசெய்த இயந்திர நூலில் யானைக் கடிகாரம் ஒன்று விளக்கப்பட்டுள்ளது. அரைமணிக்கொருமுறை அதன் உச்சியிலுள்ள பறவை ஒலியெழுப்பும், பாகன் அடிப்பான். அவ்வோசை உள்ளியங்கும் நீர்க்கருவியின் விளைவே. வெளியிலிருந்து ஒட்டவைத்த வேடிக்கை அன்று.

மாதிரிக்கு ஒலியூட்டல்

அமெரிக்காவின் லயனல் நிறுவனம் தன் பொம்மை இரயில்களில் 1935இல் ஊதலொலியையும் 1946இல் புகையையும் புகுத்தியது. 1968இல் ஜெர்மனியின் எல்.ஜி.பி. நிறுவனம் 45 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் பெரிய மாதிரிகளை வெளியிட்டது. அவற்றின் அளவு 22.5இல் ஒரு பங்கு. மீட்டர் பாதையின் 1000 மில்லிமீட்டரை 22.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 44.4 வரும். ஆத்தூர் வழியே செல்லும் சேலம்–விருத்தாசலம் பாதையும் முன்னர் மீட்டர் பாதையே. ஆகவே நம் வட்டார இரயில்களை வடிக்க இவ்வளவு மிகப் பொருத்தமானது.

தமிழகத்து மீட்டர் பாதைகளில் ஓடிய ஒய்.பி. வகை எஞ்சினின் இயக்குசக்கர விட்டம் 1372 மில்லிமீட்டர். மாதிரியில் அது சுமார் 61 மில்லிமீட்டர். சுற்றளவு ஏறத்தாழ 192. நான்கால் வகுத்தால், பாதையில் 48 மில்லிமீட்டருக்கு ஒரு 'குப்' ஒலிக்கவேண்டும். இதற்கு அச்சில் நான்கு சிறு காந்தங்களைச் சம இடைவெளியில் பதிப்பர். அருகிலுள்ள காந்தச் சுவிட்சை ஒவ்வொன்றும் கடக்கும்போது, சில்லில் பதிவான ஒலி ஒருமுறை எழும். மோட்டாரின் சுமையை அளந்து, ஏற்றத்தில் ஒலியைக் கனக்கச்செய்யும் மின்னணுச் சுற்றுகளும் உண்டு.

ஒலிபெருக்கியை நிலக்கரித் தொட்டிவண்டிக்குள் அமைப்பர். அதன் முன்புற அலையும் பின்புற அலையும் கலந்தால் ஒன்றையொன்று அழித்து, கனத்த ஒலி மெலிந்துவிடும். ஆதலால் பின்புறத்தைக் காற்றுப்புகாப் பெட்டியால் மூடவேண்டும். பெரிய மாதிரியில் பெரிய ஒலிபெருக்கிக்கு இடமுண்டு; அதனால் ஓசையும் உண்மையை நெருங்கும்.

புகையூட்டல்

புகைபோக்கியினுள் சிறு குழாயில் மின்தடைக் கம்பிச்சுருள் அமைகிறது. அதற்கென விற்கப்படும் தூய எண்ணெயில் சில துளிகள் விட்டு மின்சாரம் செலுத்தினால், எண்ணெய் ஆவியாகி, வெளிக்காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாகும். நாம் காண்பது மெய்ப்புகையன்று, எண்ணெய் மூடுபனியே. சிறு விசிறியொன்றை ஒலிச்சுற்றோடு இணைத்தால், 'குப்' என்னும் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு புகைக்குவை எழும்.

எண்ணெயின்றிச் சூடேற்றினால் கம்பி எரிந்துபோகும். மண்ணெண்ணெயோ சமையல் எண்ணெயோ ஊற்றுதல் தீங்கு. காற்றோட்டமில்லா அறையில் நெடுநேரம் இயக்கலாகாது. குழந்தைகளும் மூச்சுத்திணறல் உடையோரும் அருகிருப்பின் புகையை நிறுத்தி, ஒலியை மட்டும் இயக்குவதே முறை.

யாருடைய ஓசை?

விலைக்குக் கிடைக்கும் ஒலிச்சில்லுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க எஞ்சின்களின் பதிவுகளே. நம் ஒய்.பி. எஞ்சின் அயல்நாட்டுக் குரலில் கூவினால் அது மாதிரியாகுமா?

மெய்யான ஓசை நம்மிடையே இன்னும் உள்ளது. யுனெஸ்கோ 2005இல் உலக மரபுச் சின்னமாக ஏற்ற நீலகிரி மலைப்பாதையில், மேட்டுப்பாளையம்–குன்னூர் இடையே நீராவி எஞ்சின்கள் உழைக்கின்றன. அங்கு ஓடும் எக்ஸ் வகை எஞ்சினுக்கு உருளைகள் நான்கு. சமதரையில் இரண்டு மட்டும் இயங்கும். கல்லாறு கடந்து, 12.5க்கு 1 என்னும் செங்குத்தான பல்தண்டவாளத்தில் ஏறும்போது, அவ்விரண்டில் வேலை முடித்த ஆவி மற்ற இரண்டுக்கும் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றும். உடனே தாளம் மாறுகிறது. இதன் மாதிரிக்கு ஒரே தாளம் போதாது, இரண்டு வேண்டும். இவ்வகை எஞ்சின்களைப் புதிதாக வடித்தளித்த பெருமை, நமக்கு அண்மையிலுள்ள திருச்சி பொன்மலைப் பணிமனைக்கு உரியது.

மாணவச் செல்வங்களே! இயற்பியல் பயில்வோர் சுற்றை அமையுங்கள். தமிழ் பயில்வோர் சொல்லைத் திரட்டுங்கள். நீராவி எஞ்சினில் கரியள்ளிப் போட்ட கைகளும், ஊதலைக் கேட்டே வண்டியின் வரவறிந்த செவிகளும் முதுமையுற்று நம் ஊர்களில் உள்ளன. அப்பெரியோர்களை அணுகிக் கேளுங்கள். அவர்கள் வழங்கிய தொழிற்சொற்களையும், அவர்கள் நினைவிலுள்ள ஓசைகளையும் பதிவுசெய்யுங்கள். எஞ்சினை மீண்டும் வடிக்கலாம். அதை அறிந்தோரின் நினைவு மறைந்தபின் அதனை வடிக்க எப்பணிமனையாலும் இயலாது. இம்முயற்சிக்கு வல்ல இறைவன் துணைபுரிவானாக.